இழுக்கும் தசை, விட்டுக்கொடுக்கும் தசை

அக்கானி எனும் பதநீர்ப் பருவம் தொடங்கிவிட்டால் குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பனையேறிகளுக்கு விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். இடுப்பில் பாளை அரிவாள் பெட்டி, பக்கத்தில் குடுவை, இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிணைக்கும் தளைநார். பனையேறி மரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறார். கால்கள் இரண்டையும் ஒன்றாக மடக்கி மேலே இழுக்கிறார். உள்ளங்கால்கள் சொரசொரத்த மரத்தைக் கவ்வியதும் முழங்காலையும் இடுப்பையும் நிமிர்த்துகிறார். உடம்பு உயர்கிற அதே கணத்தில் கைகள் அடுத்த பிடிக்குப் போய்விடுகின்றன. நன்கு வளர்ந்த பனை 100 அடி வரை போகும். காலையில் ஏறி இறங்கிய மரத்தில் மாலையில் பாளை சீவ மறுபடியும் ஏற வேண்டும்.

கீழே நின்று பார்ப்பவர்கள் “நல்ல தேகபலம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டில் பாதி நியாயம்தான் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் வருடக்கணக்கில் எடை தூக்கிய ஓர் இளைஞரிடம் தளைநாரைக் கொடுத்துப் பார்க்கலாம். சில அடி ஏறுவதற்குள் முன்கை இறுகிப்போகும், தொடை நடுங்கும். அவருடைய தசைகள் பனையேறியின் தசைகளைவிடப் பருமனாகவே இருக்கக்கூடும். எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும், எது எப்போது தளர வேண்டும், எது அசையாமல் பிடித்து நிற்க வேண்டும் என்கிற ஏற்பாடுதான் அவரிடம் இல்லை. அந்த ஏற்பாடு மூளையிலும் தண்டுவடத்திலும் பல வருடங்களாகப் படிந்த ஓர் அறிவு. அதைப் பலம் என்று மட்டும் சொல்லிவிட்டால் பனையேறி கற்றதில் பெரும்பகுதி கணக்கில் வராமலே போய்விடுகிறது.

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: சுருங்க முயன்று இழுப்பது. எந்தத் தசையாலும் எதையும் தள்ள முடியாது. தசைநார் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்டின், மயோசின் என்ற இரண்டு வகைப் புரத இழைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நரம்பிலிருந்து ஆணை வந்ததும் ஒன்று மற்றொன்றின்மேல் வழுக்கி உள்ளே போக, தசை குறுகுகிறது. 1954-ல் ஹக்ஸ்லி என்ற ஒரே பெயர் கொண்ட, உறவினர்கள் அல்லாத இரண்டு ஆங்கில அறிஞர்கள் தத்தம் கூட்டாளிகளோடு தனித்தனியே இதைக் கண்டு, ஒரே நேரத்தில் வெளியிட்டார்கள். இழைகள் தாமாகவே எதிர்த்திசையில் வழுக்கி நீளும் வழி கிடையாது. சுருங்கிய தசையை மறுபடி நீட்ட வெளியிலிருந்து ஏதாவது இழுத்தாக வேண்டும். அதனால்தான் மூட்டுகளில் ஒரு பக்கத் தசைக்கு எதிரே மறுபக்கத் தசை என்ற அமைப்பு இருக்கிறது. நம் உடம்பில் எலும்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கும் மேல். அவற்றில் எதுவும் தனியே வேலை செய்வதில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே இதைச் சோதித்துக்கொள்ளலாம். ஒரு செம்பு நிறையத் தண்ணீரை இடது கையில் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்குங்கள். வலது கையால் இடது மேற்கையைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். முன்பக்கத்தில் இருதலைத் தசை திரண்டு கெட்டியாகியிருக்கும். பின்பக்கத்து முத்தலைத் தசை தளதளவென்று இருக்கும். இப்போது செம்பை வைத்துவிட்டு, உள்ளங்கையால் மேசையைக் கீழே அழுத்துங்கள். முன்பக்கம் இளகி, பின்பக்கம் இறுகும். மேசையை அழுத்துவது தள்ளுகிற வேலைபோலத் தோன்றினாலும், முத்தலைத் தசை முழங்கையின் பின்முனையை மேல்நோக்கி இழுப்பதால்தான் முன்கை நிமிர்ந்து அழுத்துகிறது.

மூன்றாவதாக ஒன்றைச் செய்யும்போதுதான் பலர் ஆச்சரியப்படுவார்கள். செம்பை மறுபடி தூக்கி, பிறகு மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். கை நிமிர்கிறது. அப்படியானால் நிமிர்த்தும் தசையான பின்பக்கத் தசைதானே இறுக வேண்டும்? தொட்டுப் பார்த்தால் முன்பக்கத் தசையே இன்னும் கெட்டியாக இருக்கும். செம்பைக் கீழே கொண்டுபோகப் புவியீர்ப்பு போதும். அது தொப்பென்று விழாமல், முன்பக்கத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொடுக்கிறது. இந்த மூன்றாவது வேலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம். பனையிலிருந்து இறங்குவதற்கு அதுதான் ஆதாரம்.

ஒரு தசை இழுக்கும்போது எதிர்த்தசை தளர வேண்டும் என்பதை மூளை ஒவ்வொரு முறையும் யோசித்துச் சொல்வதில்லை. முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சிறு சுத்தியலால் தட்டுகிறார், கால் தானாக உதைக்கிறது. அந்தத் தட்டில் தொடையின் முன்தசை லேசாக நீள்கிறது. தசைக்குள் இருக்கும் உணரிகள் உடனே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து இரண்டு ஆணைகள் பிறக்கின்றன: முன்தொடைத் தசைக்குச் ‘சுருங்கு’, பின்தொடைத் தசைக்குச் ‘சும்மா இரு’. இரண்டாவது ஆணை தண்டுவடத்திலேயே ஓர் இடைநரம்பணு வழியாகப் போகிறது. ஒரு தசை இறுகும்போது எதிர்த்தசைக்குப் போகும் ஆணை அடக்கப்படுகிறது என்பதைப் பல வருடச் சோதனைகளில் விளக்கிக் காட்டியவர் சார்லஸ் ஷெரிங்டன். நரம்பணுக்களின் வேலையைப் பற்றிய ஆய்வுக்காக அவருக்கும் எட்கர் ஏட்ரியனுக்கும் 1932-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்த்தசை எப்போதுமே முழுக்கத் தளர்ந்துவிடுவதும் இல்லை. சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். வடம் பிடிக்கும் கூட்டம் எல்லோர் கண்ணிலும் படும். தேர் தெருமுனையில் திரும்பி, ஓர வீட்டில் இடிக்காமல் போவதற்குக் காரணமானவர்களோ சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிற சிலர். அதுபோலவே, கையை வேகமாக வீசும்போது வீச்சின் கடைசியில் எதிர்த்தசை இறுகி வேகத்தைத் தணிக்கிறது. அது நேரத்தோடு இறுகாவிட்டால் மூட்டு தன் எல்லைவரை போய் இடித்து, தசைநாண்களும் மூட்டுப் பிணைப்புகளும் கிழியும்.

இன்னொரு வகைத் தசைகள் அசைவை உண்டாக்குவதுமில்லை, அதைத் தடுப்பதுமில்லை, இழுத்துப் பிடித்து நிறுத்துகின்றன. பனையின் உச்சியில் மட்டைகளுக்கிடையே உட்கார்ந்து, ஒரு கையால் பாளையைப் பிடித்து, மறுகையைத் தலைக்குமேல் நீட்டி அரிவாளால் மெல்லிய சீவலாகப் பாளையின் நுனியைச் சீவுகிறார் பனையேறி. சீவல் தடித்தால் பாளை வீணாகத் தேய்ந்து சீக்கிரம் தீர்ந்துவிடும். கையைத் தூக்குவது தோளின் மேலிருக்கும் பெரிய தசை. அது மட்டும் இழுத்தால் மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, ஆழமில்லாத அந்தத் தோள்குழியிலிருந்து மேலேறி மேலெலும்பில் உரசும். நான்கு சிறு தசைகள் பந்தைச் சுற்றி நின்று அதைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கின்றன. வெளியே தெரியாத இந்த நான்கில் ஒன்று கிழிந்தாலும் தலை வாருவதுகூடச் சிரமமாகிவிடும். தோள்பட்டை எலும்பை முதுகோடு ஒட்டி நிறுத்தவும் திருப்பவும் தனியாக வேறு தசைகள் இருக்கின்றன. ஒரு சீவலுக்குப் பின்னால் இத்தனை பேர்.

ஏறும்போது கால்களில் நடப்பது இதைவிடச் சிக்கலானது. மடங்கிய கால்களை நிமிர்த்தி உடம்பை உயர்த்தும் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். தொடையின் முன்பக்கத்து நாற்றலைத் தசையின் ஒரு கிளை இடுப்பெலும்பிலிருந்து புறப்பட்டு முழங்காலைத் தாண்டிப் போகிறது. அது முழங்காலை நிமிர்த்தும். ஆனால் இடுப்பை மடக்கும். பின்தொடைத் தசைகளும் அதேபோல இரண்டு மூட்டுகளைக் கடப்பவை. அவை இடுப்பை நிமிர்த்தும். ஆனால் முழங்காலை மடக்கும். ஷெரிங்டனின் விதிப்படி ஒன்று இறுகினால் மற்றது தளர வேண்டும். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது தொடையின் இரு பக்கமும் கையை வைத்துப் பார்த்தால் இரண்டுமே இறுகுவது தெரியும். ஒன்றை ஒன்று முறியடிக்க வேண்டிய இரண்டு தசைகள் சேர்ந்து இழுக்க, இடுப்பும் முழங்காலும் இரண்டும் நிமிர்கின்றன.

அமெரிக்க உடலியல் அறிஞர் வாரன் லொம்பார்ட் 1903-ல் இந்தப் புதிருக்கு விடை சொன்னார். பின்தொடைத் தசைகளுக்கு இடுப்பில் நெம்புகோல் தூரம் அதிகம், முழங்காலில் குறைவு. முன்தொடைக் கிளைக்கு முழங்காலில் அதிகம், இடுப்பில் குறைவு. ஆகவே இடுப்பில் பின்தசை ஜெயிக்கிறது, முழங்காலில் முன்தசை ஜெயிக்கிறது. இரண்டு இடத்திலும் ஜெயிப்பது நிமிர்த்தும் தசைதான். இரண்டு மூட்டுகளுக்கு இரண்டு கயிறுகள் கட்டியிருந்தாலும் உடம்பு இதைவிடச் சிக்கனமாக ஏறிவிட முடியாது. ஒரு மூட்டில் பிறக்கும் விசையை அடுத்த மூட்டுக்குக் கடத்தும் வேலையையும் இந்தத் தசைகளே செய்கின்றன.

தளைநாருக்கும் இதில் பங்குண்டு. பாதங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக முடியாமல் நார் தடுப்பதால், கால்களின் அழுத்தம் மரத்தின் இருபக்கமும் உள்நோக்கித் திரும்புகிறது. தொடையின் உட்பக்கத் தசைகள் தனியாகச் செய்ய வேண்டிய இறுக்கிப் பிடிக்கும் வேலையில் ஒரு பகுதியை ஒரு துண்டு நார் வாங்கிக்கொள்கிறது. உடலியல் படிக்காமலே உடலியலைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் செய்த கருவி அது.

இறங்குவது வேறு கதை. செம்பை மெதுவாக இறக்கியபோது நடந்ததுதான் இங்கேயும்: தொடையின் முன்தசை இறுகியபடியே நீள்கிறது, கைகளின் மடக்கும் தசைகளும் அப்படியே. இந்த வகை வேலைக்கு மூச்சு அதிகம் வாங்காது. 1952-ல் லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக ஒரே சங்கிலியால் இணைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். பின்னோக்கிச் சுழலும் மிதிகளில் கால் வைத்து மற்றவர் அதைத் தடுக்க வேண்டும். சிறிய உருவமுடைய பிரெண்டா பிக்லண்ட் தடுப்பவராக உட்கார, பெரிய ஆளான ரிட்சி மிதித்தார். இருவர் தசைகளிலும் விசை சமம். ரிட்சிதான் களைத்தார். தடுத்துக்கொண்டு நீளும் தசைக்குப் பல மடங்கு குறைவான பிராணவாயு போதும் என்று அளந்து காட்டினார்கள்.

மூச்சில் மிச்சம் பிடித்த செலவு மறுநாள் வலியாக வருகிறது. மருந்துவாழ்மலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கியவர்கள் திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் படியிறங்கத் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஏற்றமல்ல, இறக்கம். நீண்டுகொண்டே இழுக்கும் தசையில் ஒவ்வொரு நாரும் தாங்கும் பளு அதிகம். அதனால் நுண்ணிய அளவில் சிதைவு ஏற்படுகிறது. வலி 1 முதல் 3 நாளுக்குள் உச்சத்துக்குப் போய் அடங்குகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று பலர் சொல்வது சரியில்லை. அந்த அமிலம் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் நீங்கிவிடும். அதே இறக்கத்தைச் சில வாரங்கள் பழகியவர்களுக்கு இந்த வலி வருவதில்லை. பனையேறிக்கு முதல் பருவத்தில் வந்து, பிறகு வராமல் போவதும் இதனால்தான்.

குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களில், ஒரு தசை இறுக எதிர்த்தசை தளரும் ஏற்பாட்டுக்கு நேர்மாறான ஒரு நுட்பத்தைப் பார்க்கலாம். பால்வெட்டுத் தொழிலாளி கத்தியால் மரப்பட்டையைச் சுமார் 1 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்பட்டு மரம் பாழாகும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. இவ்வளவு துல்லியத்துக்கு மணிக்கட்டின் இரு பக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் அளவோடு இறுகி மூட்டை விறைப்பாக்குகின்றன. இருட்டில் தலைவிளக்கு வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு இதைச் செய்கிறவர்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பது வியப்பில்லை. கத்தியைப் பிடிப்பது உள்ளங்கைப் பக்கத்துத் தசைகள்தான். ஆனால் அவை இறுகும்போது மணிக்கட்டும் கூடவே மடங்கிவிடாதபடி புறங்கைப் பக்கத்துத் தசைகள் எதிர்த்து இழுத்தே தீர வேண்டும். அவை முழங்கையின் வெளிமுனையில் போய் ஒட்டுகின்றன. மணிக்கட்டை உள்ளே முழுக்க மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள், பிடியில் பலமே இருக்காது. பிடிக்கு வலிமை தருவது பிடிக்காத பக்கத்துத் தசை.

புதிதாக வேலை கற்பவர் எல்லாத் தசைகளையும் இறுக்கிக்கொள்வார். இரு பக்கமும் சேர்ந்து இறுகுவதால் கை விறைத்து, சீக்கிரம் சோர்ந்துவிடும். பழகப் பழகத் தேவையில்லாத இறுக்கம் விலகுகிறது. சிலம்பமோ அடிமுறையோ கற்றுத்தரும் ஆசான் மாணவனின் தோளைத் தட்டித் தளர்த்தச் சொல்வதன் உடலியல் இதுதான்.

மயிலாடிச் சிற்பக் கூடங்களில் காலைமுதல் உளிச்சத்தம் கேட்கும். ஒரே உளி, ஒரே சுத்தியல், ஒரே வீச்சு என்று தோன்றும். 1920-களில் மாஸ்கோவின் மத்திய தொழிலாளர் ஆய்வு நிலையத்தில் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் இதே வேலையைத்தான் ஆராய்ந்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் மூட்டுகளில் சிறு விளக்குகளைக் கட்டி, அசைவுகளைப் படமெடுத்து அளந்தார். சுத்தியலின் முனை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு போன பாதைகளோ ஓர் அடிக்கும் மறு அடிக்கும் வேறுபட்டன. தோள் கொஞ்சம் முந்தினால் முழங்கை அதைச் சரிக்கட்டியது. முழங்கை பிசகினால் மணிக்கட்டு. கைதேர்ந்தவர் ஒரே அசைவை மனப்பாடம் செய்து திருப்பிச் செய்வதில்லை, ஒரே விளைவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வழி காண்கிறார் என்று பெர்ன்ஸ்டைன் முடிவுக்கு வந்தார். மயிலாடியில் கருங்கல்லில் கண்ணிமை செதுக்குபவர் கல்லின் ஓட்டம் மாறும் இடத்தில் அடியை மாற்றுவதும் அந்த வகை அறிவு. அதை எழுதிக்கொடுக்க முடியாது. கூட இருந்து பழகித்தான் வாங்க முடியும். கற்க வருபவர் குறைந்தால் அந்த அறிவும் குறைந்துபோகும் என்பதை நாம் இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தசைகளின் கூட்டு கலைந்தால் என்ன ஆகும், அதை மறுபடி கட்ட முடியுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஊர் வேலூர். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டில் தொழுநோயாளிகளின் கைகளைப் பார்த்த பிராண்டுக்கு ஒன்று உறுத்தியது. விரல்கள் நகம்போல் வளைந்து செயலற்றிருந்தன. ஆனால் கை குலுக்கியபோது பிடியில் வலு இருந்தது.

பல கைகளைத் தசை தசையாகச் சோதித்ததில் காரணம் புலப்பட்டது. நோய் முழங்கையருகே ஒரு நரம்பைத் தாக்கியிருந்தது. அதனால் உள்ளங்கைக்குள் இருக்கும் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. முன்கையின் பெரிய தசைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. உள்ளங்கைச் சிறு தசைகள் விரலின் அடிமூட்டை மடக்கி, நுனி மூட்டுகளை நிமிர்த்துபவை. அவை போனதும் நிமிர்த்தும் நீண்ட தசை அடிமூட்டைப் பின்னால் இழுத்தது, மடக்கும் நீண்ட தசை நுனிகளை வளைத்தது. நல்ல தசைகளே, சமன் செய்ய ஆளில்லாமல், கையை முடக்கிவிட்டன.

கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலையும் மடக்க நமக்கு இரண்டு நீண்ட தசைநாண்கள் உண்டு. ஒன்றை எடுத்தாலும் மற்றது சமாளிக்கும். 1948-ல் பிராண்ட் மோதிர விரலின் அப்படி ஒரு மிச்சத் தசைநாணை அதன் பழைய இடத்திலிருந்து விடுவித்து, செயலிழந்த சிறு தசைகளின் பாதையில் செலுத்தித் தைத்தார். இதே முறை போரில் காயம்பட்ட கைகளுக்கும் போலியோவுக்கும் ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. தொழுநோயில் வெட்டிய சதை ஆறாது என்ற நம்பிக்கையே அதுவரை தடையாக நின்றது. காயம் மற்றவர்களுக்குப் போலவே ஆறியது.

அறுவை முடிந்தது பாதி வேலைதான். சில வாரம் மாவுக்கட்டில் இருந்த கையைப் பிரித்ததும் நோயாளி விரலை அசைக்க முயல்வார். மூளைக்குத் தெரிந்தவரை அந்தத் தசை மோதிர விரலின் நடுமூட்டை மடக்குவது. இப்போதோ அது நான்கு விரல்களின் அடிமூட்டுகளை இழுக்கிறது. ஆகவே இயன்முறைப் பயிற்சியாளர் முதலில் பழைய அசைவையே நினைக்கச் சொல்வார். மோதிர விரலை மடக்குவதாக நினைத்தால் எல்லா விரல்களும் அடியில் மடங்கும். கண்ணால் பார்த்துப் பார்த்து, நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்ததில் நினைப்பும் அசைவும் ஒன்றோடொன்று பொருந்தின. சில வாரங்களில் சோற்றைப் பிசைந்து எடுக்க, பென்சில் பிடிக்க முடிந்தது. 1951-ல் கல்லூரி வளாகத்தில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் அப்படிக் கை திரும்பியவர்கள் தச்சுவேலை பழகினார்கள். நோய் பறித்திருந்த வலி உணர்வு கையில் திரும்பாததால் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. அளவுக்கு மீறிய இறுக்கத்தில் தோல் புண்ணானது. பிராண்ட் உளி, சுத்தியல், ரம்பம் ஒவ்வொன்றின் கைப்பிடியையும் அளந்து, அழுத்தம் ஓரிடத்தில் குவியாதபடி பருத்த பிடிகளாக மாற்றி வைத்தார். தசைகளின் பலத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எப்போது விட வேண்டும் என்று சொல்லும் உணர்வு இல்லாத குறையை அந்தக் கைப்பிடிகள் ஓரளவுக்கு நிரப்பின.